ஐம்பதை நெருங்கும்போது முதல் தொழில்: வாசகியரின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எனக்கு வயது 48. பிள்ளைகள் இருவரும் வேலைக்குப் போய்விட்டார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது வேலை கேட்டுப் போனால் வயதைக் காரணம் காட்டி அனுப்பிவிடுகிறார்கள். சொந்தமாக ஏதாவது செய்யலாம் என்றால், "இந்த வயதில் எதற்கம்மா, ஓய்வெடுங்கள்" என்கிறான் மகன். நான் நினைப்பது பேராசையா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: பேராசை இல்லை அம்மா. அழகுசாதனப் பொருட்களை இணையத்தில் விற்கும் நைக்கா நிறுவனத்தை ஃபால்குனி நாயர் 2012இல் தொடங்கியபோது அவருக்கு வயது 49. அவரை உதாரணம் காட்டுகிறவர்கள், அதற்கு முன் அவர் கோட்டக் மஹிந்திரா குழுமத்தில் ஏறத்தாழ 19 ஆண்டுகள் பணியாற்றியதையும், பிற நிறுவனங்கள் முதலீடு திரட்டுவதற்குத் துணைநின்றதையும் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவருடைய கதை நமக்குப் பயன்படும். கையிலிருந்த அனுபவத்தைத்தான் அவர் புதிய இடத்துக்குக் கொண்டுபோனார்.

உங்கள் கையிலிருப்பது கணக்கு. கும்பகோணத்துப் பாத்திரக் கடைகளிலும் பட்டறைகளிலும் முழுநேரக் கணக்கரை வைத்துக்கொள்ள வசதியில்லாதவர்கள் இருப்பார்கள். அப்படிப்பட்ட நான்கைந்து கடைகளுக்கு மாதக் கட்டணத்தில் கணக்கு எழுதித் தருவதே நல்ல தொழில். பெரிய முதலீடும் தேவைப்படாது. ஆனால் நீங்கள் வேலையை விட்டபோது ஜி.எஸ்.டி. இல்லை, அது 2017 ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே முதலில் சில மாதங்கள் ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கலையும் இன்றைய டேலி மென்பொருளையும் முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். மகனிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை; முதல் வாடிக்கையாளர் கிடைத்த பிறகு செய்தியாகச் சொன்னால் போதும்.

கேள்வி: நான் அரைக்கும் இட்லிப் பொடிக்கு அக்கம்பக்கத்தில் நல்ல பெயர். ஒரு கிலோவுக்குச் சாமான் செலவு 260 ரூபாய். 320 ரூபாய்க்கு விற்கிறேன். மாதம் 20 கிலோ போகிறது. இதையே பெரிதாகச் செய்யலாமா?
- வாசகி, ஈரோடு

பதில்: இப்போதைய விலையிலேயே பெரிதாக்கினால் உங்கள் நஷ்டம்தான் பெரிதாகும். கிலோவுக்கு 60 ரூபாய் லாபம் என்று நினைத்திருக்கிறீர்கள். எரிவாயு, அரவைக் கூலி இரண்டுக்கும் கிலோவுக்கு 25 ரூபாய், பைக்கும் லேபிளுக்கும் 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மிஞ்சுவது 15 ரூபாய். 20 கிலோவுக்கு 300 ரூபாய். வறுத்து, ஆறவைத்து, அரைத்து, சலித்து, பையிலிட்டு ஒட்டுவதற்கு ஐந்து கிலோவுக்கு ஒரு முழு நாள் ஆகும் என்றால், மாதத்தில் நான்கு நாள் உழைப்புக்கு மொத்தமாக 300 ரூபாய் வாங்குகிறீர்கள். அதே வேலைக்கு வெளியிலிருந்து ஓர் அம்மாவைக் கூப்பிட்டு நாளுக்கு 75 ரூபாய் கொடுக்க உங்களுக்கு மனம் வருமா?

வீட்டுச் சமையலறையில் தொடங்கும் தொழில்கள் பல இந்த இடத்தில்தான் நொடித்துப்போகின்றன. இத்தனை ஆண்டுகள் வீட்டில் கூலியில்லாமல் செய்துவந்த வேலை என்பதால், தொழிலிலும் அதற்குக் கூலி இல்லை என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம். உங்களுக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய் கூலி போட்டுப் பாருங்கள்; கிலோவுக்கு 100 ரூபாய் கூடி, அடக்கவிலை 405 ஆகிறது. கால் கிலோப் பையை 125 ரூபாய்க்கு, அதாவது கிலோ 500 ரூபாய்க்கு விற்றால், கடைக்காரருக்கு நூற்றுக்குப் பதினைந்து விட்ட பிறகும் கிலோவுக்கு 20 ரூபாய் தொழிலுக்கு நிற்கும். இந்த விலைக்கு வாங்க ஆள் இருக்கிறதா என்பதை அக்கம்பக்கத்துக்கு வெளியே விற்றுப் பாருங்கள். தெரிந்தவர்கள் பாராட்டுவார்கள், தெரியாதவர் இரண்டாம் முறை காசு கொடுத்து வாங்குவதுதான் சந்தையின் பதில்.

வீட்டிலிருந்து செய்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு கட்டாயம். பையின் மேல் அந்தப் பதிவு எண், தயாரிப்பவரின் பெயரும் முகவரியும், சேர்மானங்கள், நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த நாள், எந்த நாளுக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற விவரம் எல்லாம் இருக்க வேண்டும்.

கேள்வி: எனக்கு வயது 52. தையல் நன்றாக வரும். என் கணவர் ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் ஆறு லட்சம் ரூபாயைப் போட்டுக் கடைவீதியில் பொட்டீக் வைக்கலாம் என்கிறார். போதாவிட்டால் என் நகைகளும் இருக்கின்றன. செய்யலாமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: வேண்டாம். ஓய்வூதியப் பணம் உங்கள் இருவரின் முதுமைக்கானது. முப்பது வயதில் ஆறு லட்சத்தை இழந்தவர் உழைத்து மீட்டுக்கொள்ளலாம். ஐம்பத்திரண்டில் அதற்கான ஆண்டுகள் குறைவு. கடை முன்பணமும் அலங்காரமும் ஒரு ரவிக்கைகூடத் தைப்பதற்கு முன்பே அந்தப் பணத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். வீட்டு முன்னறையில் இரண்டு இயந்திரங்களுடன் தொடங்கி, மாதம் எத்தனை ஆர்டர் நிலையாக வருகிறது என்று ஒரு தீபாவளியும் ஒரு கல்யாண சீசனும் பார்த்த பிறகு கடையைப் பற்றி யோசிக்கலாம்.

முதல் தேவைக்கு முத்ரா திட்டத்தின் 'சிஷு' பிரிவில் 50,000 ரூபாய் வரை சொத்துப் பிணையில்லாமல் கடன் கேட்கலாம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் மொத்தத் திட்டச் செலவில் பெண்கள் தம் பங்காக 5 சதவீதம் போட்டால் போதும், மீதியை வங்கி கடனாகத் தரும். மானியம் நகர்ப்புறத்தில் 25 சதவீதம், கிராமப்புறத்தில் 35 சதவீதம். வயதுக்கு உச்ச வரம்பும் அதில் வைக்கப்படவில்லை. மானியம் உடனே கையில் வராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அது மூன்றாண்டுகள் வங்கியிலேயே வைப்பாக இருந்து, தொழில் ஒழுங்காக நடந்தால்தான் கடனில் கழிக்கப்படும். நிபந்தனைகள் மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் முன் மாவட்டத் தொழில் மையத்துக்கு நேரில் போய்க் கேட்டுவிடுங்கள். நகைகளைத் தொட வேண்டாம்.

கேள்வி: மூன்று ஆண்டுகளாக அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு கொடுக்கிறேன். வாடிக்கையாளர்கள் என் மகனுடைய எண்ணுக்கு ஜிபே செய்கிறார்கள். தொழிலை விரிவாக்கக் கடன் கேட்டால், வருமானத்துக்கு ஆதாரம் இல்லை என்கிறது வங்கி.
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உங்களுடைய மூன்று ஆண்டு உழைப்பு முழுவதும் மகனின் கணக்கில் மகனுடைய வரவாகப் பதிவாகியிருக்கிறது. அவர் நல்ல பிள்ளையாகவே இருக்கலாம். ஆனாலும் வங்கியின் பார்வையில் உங்களுக்குத் தொழிலே இல்லை. அந்தப் பணத்துக்கு வருமான வரித் துறை விளக்கம் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே.

உங்கள் ஆதாரையும் பான் எண்ணையும் கொண்டு, சிறு தொழில்களைப் பதிவு செய்வதற்கான மத்திய அரசின் உத்யம் இணையத் தளத்தில் பதிவு செய்யுங்கள். 2020 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள அந்தப் பதிவுக்குக் கட்டணம் கிடையாது; பணம் கேட்கும் இடைத்தரகர்களிடம் போக வேண்டாம். பிறகு தொழிலின் பெயரில் நடப்புக் கணக்குத் தொடங்கி, அதற்கான கியூஆர் அட்டையை வாங்கி, வாடிக்கையாளர்கள் எல்லோரிடமும் இனி அதில்தான் செலுத்த வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். மளிகைக்கும் காய்கறிக்கும் அந்தக் கணக்கிலிருந்தே செலவு செய்யுங்கள். மாதம் பிறந்ததும் உங்களுக்கென்று ஒரு தொகையை அதிலிருந்து உங்கள் சேமிப்புக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டுச் செலவுக்குக் கொடுப்பதானால் அங்கிருந்து கொடுங்கள். இப்படி ஓராண்டு நடத்திய பிறகு, அந்தக் கணக்கு அறிக்கையோடும் வருமான வரித் தாக்கலோடும் அதே வங்கிக்கு மறுபடி போங்கள்.