நேவி ப்ளூ டிரஸ்ஸுக்கு நீல ஷூ தேட வேண்டாம்

இங்கிலாந்தில் லீட்ஸுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது, ஜூன் கடைசியில் ஆபீஸ் தோழிக்குக் கல்யாணம், முட்டி வரை வரும் நேவி ப்ளூ டிரஸ் எடுத்தாயிற்று, அதே நீலத்தில் ஷூ தேடி மூன்று சனிக்கிழமை அலைந்தும் அமையவில்லை, பேசாமல் கறுப்பு போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த தங்க நிறச் செருப்பு ஒன்று இருக்கிறது, போட்டால் ஏதாவது நினைத்துக்கொள்வார்களோ என்றும் ஒரு தயக்கம். நான் இந்த ஊருக்கு வந்து 14 வருடம் ஆகிறது. அலைச்சலை இன்றோடு நிறுத்துங்கள். அந்தத் தங்க நிறச் செருப்பே போதும்.

நமக்கு மேட்சிங் என்றால் அதே நிறம். சேலையைக் கையோடு எடுத்துப்போய், ஜாக்கெட் பிட்டை அதன்மேல் விரித்துப் பார்த்து, வளையல், பொட்டு வரைக்கும் அதே நிறத்தில் வாங்கி வளர்ந்தவர்கள் நாம். ஆனால் செருப்புக்கு யாரும் மேட்சிங் பார்த்ததில்லை. சேலைக் கரை அதை மூடிவிடும். மண்டபத்தில் பாதி நேரம் அது காலிலேயே இருக்காது. இங்கே டிரஸ் முட்டியோடு முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே முழுசாக உங்கள் கால் தெரிகிறது, அதற்கும் கீழேதான் ஷூ. ஷூவுக்குப் பக்கத்து வீடு கால்தான், டிரஸ் இல்லை. அதனால் முதலில் காலோடு சேருகிறதா என்று பாருங்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வந்த முதல் வருடம் ஒரு கல்யாணத்துக்கு ராயல் ப்ளூ டிரஸ்ஸும், அதே நிறம் என்று நம்பி ஒரு ஷூவும் வாங்கினேன். கடை வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. மறுவாரம் நடுப்பகல் வெயிலில் போட்டோவுக்கு நின்றபோது ஷூ கத்தரிப்பூ நிறத்துக்குப் போயிருந்தது. துணி சாயம் பிடிக்கிற மாதிரி ஷூவின் தோல் பிடிக்காது. விளக்குக்கு ஒரு நிறம், வெயிலுக்கு ஒரு நிறம் காட்டும். வேறு நிறமாகவே இருந்தால் யாரும் கவனிக்கப் போவதில்லை. கிட்டத்தட்ட அதே நிறமாக இருந்து கொஞ்சம் பிசகினால்தான் கண்ணை உறுத்தும். ஜூனில் இங்கே இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும், உங்கள் போட்டோ எல்லாம் பகல் வெளிச்சத்தில்தான் எடுப்பார்கள். எது வாங்கினாலும் கடை வாசலுக்கு வந்து, அல்லது ஜன்னல் பக்கம் வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கறுப்பு தப்பில்லை. ஆனால் வெறுங்காலுக்குக் கீழே, கோடைப் பகலில், கறுப்பு மூடின ஷூ கனமாகத் தெரியும். டிசம்பரில் இதே டிரஸ்ஸைக் கறுப்பு டைட்ஸோடு, அதாவது இடுப்பு வரை ஏறும் ஒட்டின காலுறையோடு, போட்டால் கறுப்பு ஷூவைவிட நல்லது கிடையாது. இடுப்பிலிருந்து கால் நுனி வரை ஒரே கோடாக இறங்கும்.

கடைக்காரப் பெண்கள் உங்களிடம் 'நியூட்' வாங்கச் சொல்வார்கள். யோசனை சரிதான், தோல் நிறத்தில் ஷூ போட்டால் எந்த டிரஸ்ஸுக்கும் போகும், காலும் நீளமாகத் தெரியும். ஆனால் அந்தப் பெயரில் அலமாரியில் இருப்பது பெரும்பாலும் வெள்ளைக்காரத் தோலின் நிறம். நம் காலில் அது பேண்டேஜ் ஒட்டினது போல இருக்கும். விலை உயர்ந்த ஷூ செய்யும் பிரெஞ்சு டிசைனர் கிறிஸ்டியன் லூபுட்டான் 2013-இல் வெளிர் நிறத்திலிருந்து அடர் பழுப்பு வரை ஐந்து நிறத்தில் நியூட் ஷூ கொண்டுவந்தபோது, அந்தச் சொல்லுக்கு ஒரே நிறம் இல்லை என்று கடைக்காரர்களே ஒப்புக்கொண்டதாக எனக்குத் தோன்றியது. அந்த விலைக்கு நாம் போக வேண்டாம். சாதாரணக் கடையில் டான், கேரமல், பிரவுன் என்று எழுதியிருப்பவற்றை எடுத்து, புறங்காலுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நமக்கு நியூட் அங்கேதான் இருக்கிறது.

உங்கள் தங்க நிறத்துக்கு வருகிறேன். மங்கின தங்கம் நம் தோலோடும் சேரும், கருநீலத்தோடும் சேரும். காதில் தங்கத் தோடு இருந்தால் அதுவே மேட்சிங். கல் நிறையப் பதித்ததாக இருந்தால் கழுத்தில் மெல்லிய சங்கிலியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இன்னொரு காரணமும் இருக்கிறது, இதை இங்கே யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள்: மெட்டி. முனை குறுகின மூடின ஷூவுக்குள் மெட்டி பக்கத்து விரலை அழுத்தி, சாப்பாடு முடிவதற்குள் தோல் சிவந்துவிடும். கழற்ற மனசு வராதவர்களுக்கு விரல் திறந்த செருப்புதான் வழி. அதோடு டைட்ஸ் போடாதீர்கள், விரல் நுனியில் தையல் தெரியும். கொலுசின் கொக்கியும் டைட்ஸைக் கிழித்துவிடும்.

நிறத்தைவிட ஹீல்ஸைப் பற்றித்தான் எனக்குக் கவலை. விருந்து புல்தரையிலா, கூடாரத்திலா என்று தோழியிடம் கேட்டுவிடுங்கள். புல் என்றால் ஊசி ஹீல்ஸ் மண்ணில் இறங்கி நிற்கும், மழை பெய்த மறுநாள் என்றால் சொல்லவே வேண்டாம். தடித்த ஹீல்ஸ், அல்லது அடி முழுக்கத் தட்டையாக இருப்பது.

வீட்டுக்காரருக்கும் நேவி சூட் என்றீர்கள். கல்யாணத்துக்குப் பிரவுன் ஷூ அழகாக இருக்கும், பெல்ட்டும் பிரவுனாக இருக்கட்டும். ஆனால் லண்டன் பக்கம் வங்கி நேர்முகத் தேர்வு ஏதாவது வந்தால் கறுப்பு மட்டும்தான். சூட்டுக்குப் பிரவுன் ஷூ போட்டு வருகிறவரை முதலீட்டு வங்கிகளில் வெளியாள் என்று எடைபோடுகிறார்கள் என 2016-இல் இங்கே சோஷியல் மொபிலிட்டி கமிஷன் என்ற அரசு ஆலோசனைக் குழுவின் அறிக்கையிலேயே வந்தது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை, ஆனாலும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

அப்புறம், அளவு. ஊரில் 5 என்றால் இங்கேயும் 5, ஐரோப்பிய அளவில் 38. அமெரிக்க அளவு போட்டிருந்தால் 7 பக்கம் பாருங்கள். ஆன்லைனில் வாங்கினால் கைக்கு வந்து 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லிவிடலாம், அது சட்டப்படி உங்கள் உரிமை. கடையில் நேரில் வாங்கினதற்கு அந்த உரிமை கிடையாது, அந்தந்தக் கடையின் விதிதான். பில்லின் பின்பக்கம் பாருங்கள். போட்டுப் பார்ப்பதை வீட்டுக் கார்ப்பெட்டின் மேல் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அடி அழுக்கானால் திருப்பி எடுப்பது கஷ்டம்.