கூட்டத்தில் யாராவது என் பின்னலை வெட்டிவிடுவார்களோ?

கேள்வி: எனக்கு 27 வயது. சிறு வயதிலிருந்து வளர்த்த முடி, இப்போது இடுப்புக்குக் கீழே தொங்குகிறது. ஆறு மாதத்துக்கு முன், கூட்டத்தில் ஒரு பெண்ணின் பின்னலை யாரோ கத்தரித்துவிட்டு ஓடும் வீடியோ ஒன்று கைபேசிக்கு வந்தது. அன்றிலிருந்து வெளியே போனாலே பதற்றம். பேருந்தில் சுவரோரம்தான் நிற்பேன். நிமிடத்துக்கு ஒரு தடவை கை தானாகப் பின்னால் போய்விடும். இப்போதெல்லாம் முடியை இறுக்கிக் கொண்டை போட்டு, மேலே துணியால் மூடிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் காட்டி, 'எல்லாம் சரியாக இருக்கிறதா?' என்று கேட்பேன். தலையெல்லாம் வலிக்கிறது, நெற்றி ஓரத்தில் முடி குறைவதுபோலவும் தெரிகிறது. பேசாமல் நானே வெட்டிவிடலாமா? இது மனநோயா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், உங்களுக்குப் புத்தி பேதலித்துவிடவில்லை. நீங்கள் எழுதியிருப்பது பதற்றக் கோளாறின் தெளிவான அறிகுறிகள். கொஞ்சம் எண்ணச் சுழற்சி நோயின், அதாவது ஓசிடியின், சாயலும் தெரிகிறது. இரண்டுக்குமே நல்ல சிகிச்சை இருக்கிறது. முடியை வெட்டுவதைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

'முடிதானே, போனால் வளரும்' என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். அது பாதி உண்மை. வெளியே தெரியும் முடியில் உயிர் இல்லை, வெட்டினால் வேருக்கு ஒன்றும் ஆகாது, அதுவரை சரி. ஆனால் முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஒரு முடி விழாமல் தொடர்ந்து வளரும் காலம், பெரும்பாலானவர்களுக்கு இரண்டிலிருந்து ஆறு ஆண்டுகள். அந்த வளர்ச்சிக் காலம் நீளமாக வாய்த்தவர்களுக்குத்தான் இடுப்பைத் தாண்டும். அப்படியென்றால் உங்கள் பின்னலின் நுனி, நீங்கள் இருபது இருபத்தொரு வயதில் இருந்தபோது முளைத்தது. அதை ஒருவன் ஒரு நொடியில் எடுத்துப் போய்விடுவான் என்றால் மனம் பதறத்தான் செய்யும். இங்கிலாந்தில் ஒரு பெண்ணின் முடியை அவர் விருப்பமில்லாமல் வெட்டிய வழக்கில், முடி உயிரற்றதாக இருந்தாலும் அது உடலின் ஒரு பகுதியே, வெட்டியது உடலுக்குச் செய்த தீங்குதான் என்று 2006-இல் அங்குள்ள உயர் நீதிமன்றம் சொன்னது. ஆகவே நீங்கள் அற்ப விஷயத்துக்குப் பயப்படுவதாக நான் சொல்ல மாட்டேன்.

இப்படி நடக்கவே நடக்காது என்றும் சொல்ல மாட்டேன். நீளமான முடிக்கு விலை உண்டு. 2013-இல் வெனிசுவேலாவின் மராகைபோ நகரில் பெண்களின் முடியை வெட்டிப் பறித்ததாகச் செய்திகள் வந்தன. ஆனால் இந்த வகைப் பயத்துக்கு ஒரு பழைய வரலாறும் இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்வது உங்களுக்கு உதவும். 1768-இல் சீனாவில், ஆண்களின் சடை நுனியை மந்திரவாதிகள் கத்தரித்து அதன் மூலம் உயிரைத் திருடுகிறார்கள் என்று ஒரு வதந்தி மாகாணம் மாகாணமாகப் பரவியது. பேரரசரே விசாரணைக்கு உத்தரவிட்டார். சந்தேகத்தின் பேரில் பிச்சைக்காரர்களும் துறவிகளும் சித்திரவதைப்பட்டதுதான் மிச்சம், மந்திரவாதி எவரும் அகப்படவில்லை. 2017-இல் ராஜஸ்தான், ஹரியானா, டெல்லி, உத்தரப் பிரதேசம் என்று பரவி, பிறகு காஷ்மீரிலும் பின்னல் வெட்டும் பீதி வந்தது. பெண்கள் மயங்கி விழுந்து, எழுந்து பார்த்தால் பின்னல் இல்லை என்றார்கள். பெரிய கும்பல் என்று எதுவும் சிக்கவில்லை. ஆனால் ஆக்ரா அருகே ஒரு கிராமத்தில், பின்னல் வெட்ட வந்தவள் என்று சந்தேகப்பட்டு வயதான பெண் ஒருவரை அடித்தே கொன்றுவிட்டார்கள். அந்தப் பீதியில் கத்தரிக்கோலைவிட வதந்திதான் அதிகம் பேரைக் காயப்படுத்தியது.

ஒரு ஆபத்து எத்தனை பேருக்கு நேர்கிறது என்று நம் மூளை கணக்குப் போடுவதில்லை. அது எவ்வளவு சுலபமாகக் கண்முன் வருகிறது என்பதைத்தான் பார்க்கிறது. ஒரு வீடியோவைப் பத்து முறை பார்த்தால், மனதுக்குள் அது பத்துச் சம்பவம். அந்த வீடியோ எங்கே, எப்போது எடுத்தது, நடிப்பா நிஜமா என்று உங்களுக்குத் தெரியுமா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. இன்னும் கைபேசியில் இருந்தால் அழித்துவிடுங்கள்.

வீடியோ போனாலும் பழக்கம் போகாது. உங்கள் பயம் ஆறு மாதமாக அடங்காமல் இருப்பதற்கு, நீங்கள் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதுதான் முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். தொட்டதும் 'அப்பாடா, இருக்கிறது' என்று ஒரு நிம்மதி வருகிறது இல்லையா? அந்த நிம்மதி ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை. சொறியச் சொறிய அரிப்பு கூடுகிற மாதிரிதான் இதுவும். சுவரோரம் நிற்பது, துணி போட்டு மூடுவது, அம்மாவிடம் கேட்பது எல்லாம் அதே வேலையைத்தான் செய்கின்றன. ஒன்றும் ஆகாமல் வீடு திரும்பும் ஒவ்வொரு நாளும், 'மூடியிருந்ததால்தான் தப்பித்தோம்' என்று மனம் கணக்கு எழுதிக்கொள்கிறது. மூடாமல் போனாலும் ஒன்றும் ஆகாது என்று தெரிந்துகொள்ள அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை.

அதற்காக எச்சரிக்கையே கூடாது என்பதில்லை. கூட்டமான இடத்தில் பின்னலைத் தோளுக்கு முன்னால் எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நீளமுடி உள்ளவர்கள் கதவிலும் இருக்கையிலும் சிக்காமல் இருக்க எப்படியும் செய்கிற காரியம்தான் அது. ஒரு முறை செய்தால் போதும் என்று மனம் ஒப்புக்கொண்டால் அது எச்சரிக்கை. செய்த பிறகும் போதவில்லை என்று கை திரும்பப் போனால், அங்கே நோய் ஆரம்பித்துவிட்டது.

கையை எப்படி நிறுத்துவது? முதல் வாரம் நிறுத்த வேண்டாம், தள்ளிப் போடுங்கள். தொட வேண்டும் என்று தோன்றியதும் ஐந்து நிமிடம் கழித்துத் தொடலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பத்து. அப்புறம் கொண்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள்: தெரிந்த தெருவில் பின்னலோடு ஒரு நடை, கூட்டமில்லாத நேரத்தில் ஒரு பேருந்துப் பயணம், கடைசியாக நெரிசல் நேரம். ஒவ்வொரு கட்டத்திலும் பதற்றம் ஏறும், நெஞ்சு படபடக்கும். அந்த நேரத்தில் ஓடிவந்துவிடாமல் இருப்பதில்தான் சிகிச்சையே இருக்கிறது. பெரும்பாலும் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் அது தானாக இறங்கும். அதே இடத்துக்கு மறுபடி மறுபடி போனால், ஏறுவதே குறையும். அம்மாவிடமும் சொல்லி வையுங்கள். நீங்கள் கேட்டால் 'இருக்கிறது' என்று அவர் சொல்லக் கூடாது, 'டாக்டர் பதில் சொல்லக் கூடாது என்றார்' என்றுதான் சொல்ல வேண்டும். அவருக்கு இது கஷ்டமாக இருக்கும். ஆனால் அவர் ஒத்துழைக்காமல் இது நடக்காது.

தனியாகச் செய்ய முடியவில்லை என்றால் மனநல மருத்துவரையோ உளவியல் நிபுணரையோ பாருங்கள். சிபிடி என்னும் பேச்சு சிகிச்சையில் இதையே வாரா வாரம் கூட இருந்து செய்ய வைப்பார்கள். தூக்கமும் வேலையும் கெடும் அளவுக்குப் போனால் பதற்றத்தைக் குறைக்கும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகளும் தருவார்கள். அவை வேலை செய்ய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும், ஓசிடி என்றால் இன்னும் கூடுதல். பத்து நாளில் பலனில்லை என்று விட்டுவிடக் கூடாது. பதற்றம் உடனே அடங்க என்று தெரிந்தவர் யாராவது தூக்க மாத்திரை கொடுத்தால் வாங்காதீர்கள், பழக்கமாகிவிடும்.

இரண்டு விஷயங்களை உங்கள் கடிதத்தில் தேடினேன், கிடைக்கவில்லை. முன்பு எப்போதாவது யாராவது உங்கள் முடியைப் பிடித்து இழுத்தது, தண்டனையாக வெட்டியது, கூட்டத்தில் தவறாகத் தொட்டது உண்டா? அந்தச் சம்பவம் கனவிலும் பகலிலும் திரும்பத் திரும்ப வருகிறதா? அப்படியானால் சிகிச்சையின் போக்கே வேறு, மருத்துவரிடம் மறைக்காதீர்கள். இன்னொன்று, 'யாராவது' என்ற பயம் போய், குறிப்பிட்ட சிலர் திட்டமிட்டு உங்களைப் பின்தொடர்கிறார்கள் என்று உறுதியாகத் தோன்றினாலோ, யாரும் இல்லாதபோது குரல்கள் கேட்டாலோ, ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாமல் மனநல மருத்துவரிடம் போக வேண்டும்.

இப்போது வெட்டும் விஷயம். நீளமுடி பராமரிக்கச் சலிப்பாக இருக்கிறது, குட்டை முடி பிடித்திருக்கிறது என்றால் தாராளமாக வெட்டுங்கள். பயத்தில் மட்டும் வெட்டாதீர்கள். வெட்டிய பிறகு பயம் கைப்பைக்கோ கழுத்துச் சங்கிலிக்கோ மாறிவிடலாம். பின்னலைத் தொடாமல் பேருந்தில் போய்வரப் பழகிய பிறகும் வெட்டத் தோன்றினால், அது உங்கள் முடிவு.

நெற்றி ஓரத்தில் முடி குறைவதாக எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதுதான். இத்தனை நீள முடியின் எடை முழுவதையும் இறுக்கிக் கொண்டையாகப் போட்டால், நெற்றியோர வேர்கள் நாள் முழுக்க இழுபடுகின்றன. வலி, சிறு கொப்புளம், முன்னால் உடைந்து நிற்கும் குட்டை முடி எல்லாம் அதன் அடையாளங்கள். ஆரம்பத்திலேயே தளர்த்திவிட்டால் முடி திரும்ப வரும், அதற்குச் சில மாதங்கள் பிடிக்கும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் வேர் தழும்பாகி, அந்த இடத்தில் முளைக்கவே முளைக்காது. ஆகவே கொண்டையைத் தளர்த்துவதை மட்டும் மற்ற பயிற்சிகளுக்குக் காத்திருக்காமல் இன்றே ஆரம்பியுங்கள். கட்டும்போது வலித்தால் இறுக்கம் அதிகம் என்று அர்த்தம். ஈரத்தோடு கட்ட வேண்டாம். இரவில் தளர்வான பின்னல் போதும். இரண்டு மூன்று மாதத்தில் நெற்றியோரத்தில் மாற்றம் தெரியவில்லை என்றால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.