செரண்டிப் ஆந்தை: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: இலங்கையில் 2001இல் புது ஆந்தை கண்டுபிடித்தார்களாமே, அதுவரை யார் கண்ணிலும் படவே இல்லையா அண்ணா?

கண்ணுக்கு முன்னால் காதில் விழுந்துவிட்டது. 1995இல் கித்துல்கல காட்டில் தீபால் வரகாகொட ஒரு குரலைக் கேட்டார். தீவின் பறவைக் குரல்கள் எல்லாம் அத்துப்படியான மனிதர், அவருக்கே அது பிடிபடவில்லை. விடாமல் தேடி 2001 ஜனவரியில் சிங்கராஜா வனத்தில் ஆளையே பார்த்துவிட்டார். 2004இல் பறவையியலாளர் பமீலா ராஸ்முசனோடு சேர்ந்து அதற்கு ஓட்டஸ் தீலோஹாஃப்மன்னி (Otus thilohoffmanni) என்று அறிவியல் பெயர் வைத்தார். 1868க்குப் பிறகு இலங்கையில் கிடைத்த முதல் புதுப் பறவையினம், ஒரு குரலை ஆறு வருஷம் மறக்காமல் இருந்ததால் கிடைத்தது!

கேள்வி: பார்க்க எப்படி இருக்கும்?

சுமார் 17 செ.மீ., மைனாவை விடச் சிறியது. தலையில் காது மாதிரி நிற்கும் இறகுக் கொத்து கிடையாது. செம்பழுப்பு உடம்பில் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள், அசையாமல் இருந்தால் காய்ந்த இலை என்றே நினைப்பீர்கள்.

கேள்வி: ஆந்தை கத்தினால் சாவு என்பார்களே அண்ணை, இதுவும் அலறுமா?

அலறாது. மெல்லிய, குட்டையான ஒரே ஒரு கூவல்தான். பூச்சி தின்று பிழைக்கிற பறவை, பாவம், அதன் மேல் ஏன் பழி?

கேள்வி: அறிவியல் பெயரில் வருகிற ஹாஃப்மன் யார்?

தீலோ ஹாஃப்மன், சுவிட்சர்லாந்தில் பிறந்து இலங்கையில் வாழ்ந்தவர். 1970களில் ஒட்டுப்பலகைக்காகச் சிங்கராஜாவில் மரம் வெட்டியபோது எதிர்த்துப் போராடியவர்களில் முக்கியமானவர். வெட்டு நின்றது, 1988இல் அந்தக் காடு உலகப் பாரம்பரியத் தலமானது. அது அழிந்திருந்தால் ஆந்தை ஏது? எனக்குத் தெரிந்து இதைவிடப் பொருத்தமாக ஒரு பறவைக்குப் பெயர் வைத்ததில்லை.

கேள்வி: அடுத்த மாதம் சிங்கராஜா போகிறோம். போனில் அதன் குரலைப் போட்டால் பக்கத்தில் வருமா?

தயவுசெய்து போடாதீர்கள். தன் இடத்துக்கு வேறொரு ஆந்தை வந்துவிட்டது என்று நினைத்து இரை தேடுவதை விட்டுவிட்டு அலையும். தாழ்நில மழைக்காடுகளைத் தேயிலைக்கும் ரப்பருக்கும் வெட்டித் துண்டு துண்டாக்கியதில் மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான், அழியும் ஆபத்தில் உள்ள இனம் இது. இருட்டியதும் பேச்சை நிறுத்திவிட்டு நில்லுங்கள். இலையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டுகிற சத்தத்துக்கு நடுவே ஒருமுறை கூவும், அப்புறம் அரை நிமிஷம் போல ஒன்றும் இருக்காது, பிரமையோ என்று நீங்கள் யோசிக்கும்போது மறுபடி கேட்கும். டார்ச்சை உயரே அடிக்க வேண்டாம், தரையிலிருந்து ஒன்றிரண்டு மீட்டர் உயரத்தில் செடிகளுக்குள்தான் இருக்கும். அட்டைக்கு முழங்கால் வரை சாக்ஸ் எடுத்துப் போங்கள்.