காட்டு உண்ணி முதல் கணினி மாதிரி வரை: நோய்ச் சூழலியல் மாணவர்களுக்குக் கேள்வி பதில்

விலங்கியல் மாணவி: சார், இயற்கைச் சூழலில் நோய் எப்படிப் பரவுதுன்னு ஆராயும் இந்தத் துறைக்குக் கணிதம் எவ்வளவு வேணும்?

வகைக்கெழுச் சமன்பாட்டை வாசிக்கத் தெரிந்தால் தொடங்கலாம். ஒருவரிடமிருந்து சராசரியாக 5 நாள் தொற்று பரவும் என்றால், நாளொன்றுக்குக் குணமாகும் வீதமான காமா 1/5, அதாவது 0.2. நாளொன்றுக்குத் தொற்றைக் கடத்தும் வீதமான பீட்டா 0.4 என்றால், அடிப்படைப் பரவல் எண் (ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்றவைப்பார் என்பது) 0.4 ÷ 0.2 = 2. முதலில் கையால் போட்டுப் பாருங்கள், பிறகு 'ஆர்' என்ற புள்ளியியல் கணினி மொழிக்குப் போங்கள்.

கணித மாணவர்: தரவு கையில் இருந்தால் போதாதா? நான் ஏன் காட்டுக்குப் போகணும்?

கட்டாயம் போகணும். 1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்ட, உண்ணி கடித்துப் பரவும் வைரஸ் நோயான குரங்குக் காய்ச்சலையே பாருங்கள். மாட்டின் உடலில் அந்த வைரஸ் பெரிதாகப் பெருகாது. ஆனால் வளர்ந்த உண்ணி மாட்டு ரத்தம் குடித்து முட்டையிடும். மாட்டை வைரஸ் கணக்கில் சேர்த்தாலும் தப்பு, உண்ணிக் கணக்கில் விட்டாலும் தப்பு. மேய்ச்சல் தடத்தில் நடந்தவருக்கு இது சொல்லாமலே புரியும்.

களப்பணி மாணவி: உண்ணி பிடிக்கத் தரையில் துணியை இழுத்துக்கொண்டே நடந்தும் அதிகம் சிக்கவில்லையே?

பனி உலர்ந்த பிறகு இழுங்கள். ஈரத்துணியில் உண்ணி ஒட்டாது. 1 மீட்டர் சதுர வெள்ளை ஃபிளானல் துணி போதும். 10 மீட்டருக்கு ஒருமுறை நின்று இருபக்கமும் பாருங்கள், தாமதித்தால் உதிர்ந்துவிடும். உண்ணிச்செடிப் புதரில் துணி தரையைத் தொடாது. கம்பில் கட்டிப் புதர்மேல் தடவுங்கள். பேன்ட்டைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். ஒன்றுகூடக் கிடைக்காத நாளிலும் இழுத்த தூரத்தை எழுதுங்கள். அது இல்லாத எண்ணிக்கையைக் கணினி மாதிரிக்குள் போடவே முடியாது.

கால்நடை மருத்துவர்: 70% எத்தனாலில் போட்ட உண்ணியை வைரஸ் ஆய்வகம் ஏற்கவில்லையே?

எத்தனாலில் வைரஸ் செயலிழந்துவிடும். இனம் பார்க்க அது சரி. வைரஸைப் பிரித்தெடுக்க உயிருள்ள உண்ணியோ, மைனஸ் 80 டிகிரியில் உறையவைத்ததோ வேண்டும். களத்துக்குக் கிளம்பும் முன்பே ஆய்வகத்தாரோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

புள்ளியியல் மாணவர்: குழாய்க்கு 50 உண்ணி வீதம் ஒன்றாக அரைத்து 20 குழாயைச் சோதித்தோம், 3 குழாய் பாசிட்டிவ். தொற்று 1000க்கு 3 தானே?

அது குறைந்தபட்ச விகிதம். ஒரே குழாயில் இரண்டு உண்ணிக்குத் தொற்று இருந்தாலும் ஒன்றாகவே எண்ணுகிறோம். சரியான மதிப்பீடு: 1லிருந்து, நெகட்டிவ் குழாய்ப் பங்கின் ஐம்பதாம் மூலத்தைக் கழியுங்கள். இங்கே 20இல் 17 நெகட்டிவ், பங்கு 0.85; அதற்கு 1000க்கு சுமார் 3.2 வரும், வித்தியாசம் சொற்பம். ஆனால் 12 குழாய் பாசிட்டிவ் என்றால் உங்கள் முறையில் 12, இதில் சுமார் 18! இருபதும் பாசிட்டிவ் என்றால் எந்தச் சூத்திரமும் கைகொடுக்காது. தொற்று அதிகமுள்ள இடத்தில் குழாய்க்குப் பத்தாகப் பிரிக்கச் சொல்லுங்கள், அதையும் உண்ணியை அரைப்பதற்கு முன்பே.