மாத்திரையை விட்டு 12 நாள்: இனி எதற்குப் பயப்பட வேண்டும்?

கேள்வி: என் மகனுக்கு வயது 23. ஒன்றரை வருடமாக டேபென்டடால் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொண்டிருந்தான். 12 நாளாக நிறுத்திவிட்டான். மூக்கு ஒழுகுவதும் வயிற்றுப்போக்கும் நின்றுவிட்டன. தூக்கம்தான் இல்லை. ராத்திரியெல்லாம் காலை உதறுகிறான், யாரோடும் பேசுவதில்லை. உடம்பிலிருந்து நஞ்சு போக 90 நாள் ஆகும் என்று யூடியூபில் சொன்னார்கள். நெல்லிக்காய்ச் சாறு கொடுக்கிறேன். தூங்குவதற்குத் தெரிந்த மெடிக்கலில் அல்பிரசோலம் வாங்கி ஐந்து ராத்திரி கொடுத்தேன். கிட்னி கெட்டிருக்குமா? கல்யாணம் செய்துவைத்தால் சரியாவானா? சனிக்கிழமை நண்பன் வீட்டு விசேஷத்துக்குப் போக வேண்டும் என்கிறான். கதவைப் பூட்டி வைக்கலாமா?
பெயர் வேண்டாம், பெரம்பூர்

பதில்: கடைசியாகக் கேட்டீர்களே அம்மா, பூட்டைப் பற்றி, உங்களைத் தூங்கவிடாத கேள்வி அதுதான். மறுபடியும் போய்விடுவானோ என்ற பயம். முதல் வருடத்தில் ஒருமுறையாவது தடுக்கி விழுகிறவர்கள் நிறையப் பேர். அப்படி விழுந்து எழுந்தவர்கள் பலரை எனக்குத் தெரியும். நான் பயப்படுவது அந்த முதல் சறுக்கலில் அவன் எடுக்கும் அளவுக்கு.

ஒன்றரை வருடம் போட்டுப் போட்டு அவன் உடம்பு அந்த மருந்துக்குப் பழகியிருந்தது. நிறுத்திய சில நாட்களிலேயே அந்தத் தாங்கும் சக்தி இறங்க ஆரம்பித்துவிடும். கைக்கு மட்டும் பழைய கணக்கு ஞாபகம் இருக்கும். நண்பர்களோடு உட்கார்ந்து அதே பழைய அளவை ஏற்றினால், மூளையில் மூச்சை நடத்தும் பகுதி அப்படியே மந்தமாகிவிடும். போதையில் இருந்த காலத்தைவிட, விட்ட பிறகு வரும் வாரங்களில்தான் இப்படிச் சாவு அதிகம்.

பல வருடங்களுக்கு முன் அவசரப் பிரிவில் இரவுப் பணியில் இருந்தபோது, விடியற்காலையில் ஓர் அம்மா தன் மகனை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார். “ரொம்ப நாள் கழிச்சு நல்லா குறட்டை விட்டுத் தூங்குறானேன்னு லைட்டை அணைச்சு, போர்வையைப் போத்திவிட்டேன் டாக்டர்” என்றார். பையனின் உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. எங்களால் காப்பாற்ற முடியவில்லை. அந்தப் போர்வை அவன் மேலேயே கிடந்தது.

அதனால் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய அறிகுறி இது ஒன்றுதான்: வழக்கமில்லாத, கரகரவென்று இழுக்கிற குறட்டை, தட்டினாலும் கிள்ளினாலும் எழாத தூக்கம். அப்போது நெஞ்சைப் பார்த்து மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்குப் பன்னிரண்டுக்கு மேல் இருக்க வேண்டும். எட்டு, ஆறு என்று இறங்கினாலோ, உதடும் நகமும் நீலம் பாரித்தாலோ உடனே 108. வண்டி வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சே இல்லை என்றால் மல்லாக்கப் போட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஐந்து விநாடிக்கு ஒரு தடவை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். மோரோ, உப்புத் தண்ணீரோ, எலுமிச்சைச் சாறோ வாயில் ஊற்றவே கூடாது. அது நேராக நுரையீரலுக்குப் போய்விடும். ஆஸ்பத்திரியில் போதை மருந்தை முறிக்கும் நலாக்சோன் ஊசி போட்டால் சில நிமிடங்களில் கண் திறப்பான். உடனே “எழுந்துட்டான்” என்று வீட்டுக்குக் கூட்டி வந்துவிடாதீர்கள். அந்த ஊசியின் வேகம் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரத்தில் அடங்கிவிடும். உள்ளே இருக்கும் போதை மருந்து அதற்குப் பிறகும் வேலை செய்யும்.

இப்போது அந்த அல்பிரசோலம். சீட்டில்லாமல் அதைக் கொடுத்த கடைக்காரர் செய்தது தப்பு. வாங்கியது உங்கள் தப்பு. தூக்க மாத்திரையும் வலி மாத்திரையும் ஒரே நேரத்தில் உடம்பில் சேர்ந்தால் மூச்சு இன்னும் வேகமாக அடங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டையை இன்றே அவன் கைக்கு எட்டாமல் எடுத்து வையுங்கள். ஆனால் முன்பே தினமும் நைட்ரஸிபாம் மாதிரித் தூக்க மாத்திரை போட்டுக்கொண்டிருந்தானா என்று அவனிடம் கேளுங்கள். ஆமாம் என்றால் நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். அதைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம்.

90 நாள் நஞ்சு என்பது சுத்தப் பொய். டேபென்டடால் இரண்டு நாளுக்குள் உடம்பை விட்டுப் போய்விடும். கொட்டாவி, புல்லரிப்பு, வயிற்றுப்போக்கு எல்லாம் முதல் நாளே தொடங்கி, இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் பத்து நாளில் அடங்கும். அதை அவன் தாண்டிவிட்டான். இப்போது மிச்சம் இருப்பது மருந்து இல்லாமல் வாழப் பழகும் மூளை. தூக்கம் சீராகச் சில வாரம் ஆகும். எதிலும் பிடிப்பில்லாத அந்த முகம் தெளியச் சில மாதம்கூட ஆகலாம். சாறு கொடுங்கள், கெடுதல் இல்லை. அதை வைத்தியம் என்று நினைக்காதீர்கள். கிட்னிக்கு ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை போதும். அதைவிட முக்கியம், ஊசி போட்டவன் என்பதால் ஹெச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனை. அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் ஹெச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், ரகசியம். குளிர்காய்ச்சல் வந்தாலோ, ஊசி போட்ட இடம் வீங்கினாலோ தள்ளிப்போடாதீர்கள்.

கல்யாணப் பேச்சை இப்போது எடுக்காதீர்கள். இன்னொரு வீட்டுப் பெண் இவனுக்கு மருந்தாக முடியாது.

பூட்டு வேண்டாம். பூட்டினால் திறந்த அன்றைக்கு முதலில் எங்கே போவான் என்று உங்களுக்கே தெரியும். கட்டிப்போட்டு அடிக்கிற ‘மறுவாழ்வு மையம்’ எதிலும் விட்டுவிடாதீர்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலச் சட்டம் தடை செய்திருக்கிறது. அவன் வெறும் மன உறுதியை நம்பி நிற்கத் தேவையில்லை, இதற்கு மருந்து இருக்கிறது. நாக்குக்கு அடியில் கரையும் பியூப்ரினார்பின் ஏக்கத்தை அடக்கும். போதை ஏறாமல் தடுக்கும் நால்ட்ரெக்சோனை, ஏழு முதல் பத்து நாள் போதை மருந்து எதுவும் எடுக்காதவனுக்குத்தான் கொடுக்க முடியும். அந்த நாட்களை அவன் ஏற்கெனவே கடந்திருக்கிறான். எது பொருந்தும் என்பதை மனநல மருத்துவர் பார்த்துச் சொல்வார். “ஒரு போதைக்கு இன்னொரு போதையா” என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவரிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். போவதற்கு முன் பேச வேண்டுமென்றால் போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநலத்துக்கு 14416.

சனிக்கிழமை விஷயம். அந்த நண்பன் கூட உட்கார்ந்து ஊசி போட்டவனா என்று மகனிடம் திட்டாமல், நேராகக் கேளுங்கள். ஆமாம் என்றால் இந்த விசேஷம் வேண்டாம். பழைய அளவு இப்போது உயிரை எடுத்துவிடும் என்பதை, நான் எழுதியிருக்கிற இந்தப் பகுதியைக் காட்டியே அவனிடம் சொல்லுங்கள். சனிக்கிழமைக்கு முன்னாலேயே ஒரு நாள் காலையில் இரண்டு பேருமாக ஓ.பி.க்குப் போங்கள். அந்த அல்பிரசோலம் அட்டையையும் பையில் எடுத்துப் போங்கள், எத்தனை கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.