மங்காத்தாவில் தோற்றதற்குக் கொடுத்த காசோலை

கேள்வி: காதுகுத்து விழா இரவில், தாய்மாமன் மகன் வற்புறுத்தியதால் மங்காத்தா ஆடி 2,40,000 ரூபாய் தோற்றேன். தொகை எழுதாமல் கையெழுத்திட்ட காசோலையை வாங்கிக்கொண்டார். இப்போது அதில் 4 லட்சம் என்று நிரப்பி, வங்கியில் போட்டு, பணமின்றித் திரும்பியதும் ‘கைமாற்றுக் கடன்’ என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். உறவென்றும் பார்க்காமல் இப்படிச் செய்துவிட்டார்.

பதில்: அவர் வற்புறுத்தியதும் உறவை மறந்ததும் வழக்குக்கு உதவாது. அந்தக் காசோலை கடனுக்கா, பந்தயத்துக்கா என்பது ஒன்றே கேள்வி. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 30-இன்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. சட்டப்படி வசூலிக்கத்தக்க கடன் இல்லாத இடத்தில் பணமின்றித் திரும்பும் காசோலைக்கான மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் பிரிவு 138-உம் நிற்காது. ரம்மியாக இருந்திருந்தால் அது திறமை ஆட்டம் என்று எதிர்த்தரப்பு 1967-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு வரும். உள்ளே வெளியே என்று சீட்டு விழுவதைப் பார்த்திருக்கும் மங்காத்தாவில் அதற்கும் வழியில்லை.

ஆனால் கையெழுத்து உங்களுடையது என்றதும், கடனுக்காகவே கொடுத்தீர்கள் என்று அதே மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் பிரிவு 139 அனுமானித்துக்கொள்ளும். தொகையை அவர் நிரப்பினார் என்பது மட்டும் உங்களைக் காப்பாற்றாது; 2019-இல் பீர்சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. ‘நேத்து ஆட்டத்துல விட்ட பணம்’ என்று மறுநாள் அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியோ, உடன் ஆடியவரின் சாட்சியமோ, 4 லட்சம் ரொக்கமாகக் கொடுக்க அவருக்கு வசதியில்லை என்பதோ இருந்தால்தான் அந்த அனுமானம் அசையும். இவற்றை முதல் பதில் நோட்டீஸிலேயே சொல்லிவிட வேண்டும். விசாரணையில் புதிதாகச் சொன்னால் ஜோடனை என்பார்கள்.

என்னிடம் வந்தவர்களில் பலர் கவிழ்ந்தது அதற்கும் முன்பே. ஊர்ப் பெரியவர்கள் சமரசம் பேசி, ‘கைமாற்றாகப் பெற்றுக்கொண்டேன்’ என்ற புரோநோட்டில் ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். ஒருவர் அத்துடன் முதல் தவணை 10,000 ரூபாயை ஜிபேயில், ‘லோன்’ என்று குறிப்பும் போட்டு அனுப்பிவிட்டே என்னிடம் வந்தார். அதன்பின் மங்காத்தா என்ற சொல்லையே நீதிமன்றத்தில் எடுக்க முடியவில்லை.

எனவே செய்தியும் இல்லை, உறவினருக்கு எதிராகக் கூண்டேறச் சாட்சியும் இல்லை என்றால் பேசி முடித்துக்கொள்ளுங்கள். வழக்கு நடக்கும்போதே காசோலைத் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடாகக் கட்டச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. தோற்றால் அபராதம் இரு மடங்கு வரை போகலாம். பேசும்போது 2,40,000-க்கு மேல் ஒரு ரூபாயும் ஏறாதீர்கள். பணம் கைமாறும் இடத்திலேயே அசல் காசோலை உங்கள் கைக்கு வர வேண்டும். இந்தக் காசோலை குறித்து இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அவர் எழுதித் தர வேண்டும். நீங்கள் கையெழுத்திடும் எந்தத் தாளிலும் ‘கடன்’ என்ற சொல் இருக்கக் கூடாது.