445, 3389 திறந்திருக்கிறது: எதை மூடுவது?

கேள்வி: எங்கள் ஹார்டுவேர் கடையில் பில் போடும் விண்டோஸ் கம்ப்யூட்டரில் நெட்ஸ்டாட் (நெட்வொர்க் இணைப்புகளைப் பட்டியலிடும்) கட்டளை கொடுத்துப் பார்த்தேன். 135, 445, 3389 என்ற போர்ட்டுகள் (நெட்வொர்க் இணைப்பு வந்து சேரும் எண் போட்ட வாசல்கள்) எல்லாம் 'லிசனிங்' என்று வருகிறது. இரவில் வீட்டிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் கணக்குப் பார்க்க, ரவுட்டரில் 3389-ஐ ஃபார்வர்ட் செய்து (வெளியிலிருந்து வருவதை இந்தக் கம்ப்யூட்டருக்குத் திருப்பிவிட்டு) வைத்திருக்கிறோம். எல்லா போர்ட்டையும் மூடிவிடலாமா?

பதில்: எல்லாவற்றையும் மூட வேண்டாம். ஆனால் அந்த ஃபார்வர்டை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

'லிசனிங்' என்றால் ஏதோ ஒரு புரோகிராம் அந்த எண்ணில் காத்திருக்கிறது, அவ்வளவுதான். பக்கத்தில் இருக்கும் முகவரியைப் பாருங்கள். 127.0.0.1 என்றால் அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே நடக்கும் விஷயம். 0.0.0.0 என்றால் வெளியிலிருந்து வருவதையும் ஏற்கத் தயார். அப்போதும் ஃபயர்வாலும் ரவுட்டரும் குறுக்கே நிற்கும். நீங்கள் 3389-க்கு அந்த இரண்டையுமே விலக்கி வழிவிட்டிருக்கிறீர்கள்.

ஈவன்ட் வியூவரில் 'செக்யூரிட்டி' பதிவைத் திறந்து 4625 என்ற எண்ணை வடிகட்டிப் பாருங்கள். தோற்றுப்போன லாகின் முயற்சிகள் அவை. 'அட்மினிஸ்ட்ரேட்டர்', 'டெஸ்ட்' என்று உங்கள் கடையில் யாருமே வைத்திராத பெயர்களில் நள்ளிரவிலும் வரிசையாக நின்றால், பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கும் தானியங்கி புரோகிராம்கள் வந்து போகின்றன என்று அர்த்தம். போர்ட்டை 3390-க்கு மாற்றச் சொல்வார்கள். கேட்காதீர்கள், எல்லா எண்ணையும் தட்டிப் பார்க்கிறவர்களுக்கு அது ஒரு தடையே இல்லை. டெயில்ஸ்கேல் அல்லது வயர்கார்ட் மாதிரி ஒரு விபிஎன்-ஐ (இணையத்தின் ஊடே போகும் பூட்டிய தனிப்பாதை) கடையிலும் வீட்டிலும் போட்டு, ரிமோட் டெஸ்க்டாப்பை அதற்குள் வைத்துக்கொள்ளுங்கள். வேலை எப்போதும்போலவே நடக்கும்.

445 ஃபோல்டர், பிரின்டர் பகிர்வதற்கானது. 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் பரவியது இந்த வழியில்தான். அதைத் தடுக்கும் பேட்சை (திருத்த அப்டேட்டை) மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள். இந்தக் கம்ப்யூட்டரிலிருந்து எதையும் பகிரவில்லை என்றால் 'ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங்'கை அணைத்துவிடுங்கள். பகிர்ந்தால் 'பிரைவேட்' நெட்வொர்க்கில் மட்டும் அனுமதியுங்கள். 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' பட்டியலில் எஸ்எம்பி 1.0-க்கு (இந்தப் பகிர்வு முறையின் பழைய வடிவம்) டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். பழைய ஜெராக்ஸ் மெஷின் ஸ்கேனை ஃபோல்டருக்கு அனுப்புவது அதனால் நின்றுபோகலாம். ஈமெயிலுக்கு அனுப்பச் சொல்லி மாற்றிக்கொள்ளலாம்.

135-ஐத் தொட வேண்டாம். அதில் காத்திருப்பது விண்டோஸின் சொந்த சர்வீஸ்; அதை நிறுத்தினால் விண்டோஸே படுத்துவிடும்.

கடைசியில், செல்போனில் வைஃபையையும் விபிஎன்-ஐயும் அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் ரிமோட் டெஸ்க்டாப் ஆப் வழியாகக் கடையின் பொது ஐபி முகவரிக்குப் போய்ப் பாருங்கள். கனெக்ட் ஆகக் கூடாது. கனெக்ட் ஆகிவிட்டால், ரவுட்டரில் யுபிஎன்பி (புரோகிராம்களே போர்ட்டைத் திறந்துகொள்ள விடும் வசதி), டிஎம்இசட் (வெளியிலிருந்து வரும் எல்லாவற்றையும் ஒரே கம்ப்யூட்டருக்கு அனுப்பும் வசதி) இரண்டும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.